பேர் வெட்டிய ஒப்பாரி

நேரம் பகல் பன்னிரண்டு. நடுச்சாமம் இல்லை, நல்ல உச்சி வெயில். றக்வானைக்கு மேலே தேயிலைக்குள் ஏறிப் போகிற ஒற்றை ரோடு. ஆள் இல்லை, நாய் இல்லை. எல்லாரும் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் தோட்டத்து லைன் வீட்டு வரிசையில் ஒரு காம்பராவுக்குள் ஒரு பொம்பளை ஒப்பாரி வைக்கிற சத்தம்... ஒரே வரி. நிற்கிறது. திரும்ப அதே வரி. நிற்கிறது.

கிட்ட வந்து உட்காருங்கள், சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. இது நம்மோடு கம்பஸில் படித்த தனுஜாவின் அண்ணன் சதீசுக்கு நடந்தது.

2003. சதீசிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் பதிந்து சீடி போடுவான். சாவு வீட்டில் ஸ்பீக்கர் கட்டிப் போட ஒரு ஒப்பாரி சீடி அடித்தால் நன்றாக ஓடும் என்று அவனுக்கு ஒரு யோசனை.

சதீஸ் இருந்த அதே தோட்டத்து இருளாயியின் மகள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவள். பத்தொன்பது வயது. பெட்டியில் திரும்பி வந்தாள். பெட்டியைத் திறக்க விடவில்லை. இருளாயி அந்தப் பலகையில் தலையை முட்டி முட்டி அழுதாள். கூட்டத்தோடு நின்ற சதீஸ், சட்டைப்பைக்குள் சின்ன ரெக்கார்டரை ஓட விட்டிருந்தான். அவளிடம் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், அழுகைதானே.

ஒரே ஒரு சிக்கல். அவள் வரிக்கு வரி மகளின் பேரைச் சொல்லி அழுதிருந்தாள். சீடி எல்லாச் சாவுக்கும் பொருந்த வேண்டுமே! பேர் வருகிற இடத்தையெல்லாம் வெட்டி எறிந்தான். அந்தப் பிள்ளையின் பேர் இப்போது நமக்கும் தெரியாது.

வெட்டியதும் கரகரப்பு ஆரம்பித்தது.

கர்ர்ர்... க்ர்... அழுகையில் இல்லை. வெட்டிய இடங்களில் மட்டும்.

வயரை மாற்றினான். வேறு ஸ்பீக்கர் இரவல் வாங்கினான். ராத்திரியில் எல்லா லைனிலும் லைட் எரியும், கரண்ட் இறங்கும், அதனால்தான் என்று பகலில் உட்கார்ந்தான். சவுண்ட் கார்டைக் கழற்றி, அதன் பல்லை பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தான். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டான். பதிந்த வேகமும் ஓட்டுகிற வேகமும் ஒன்றா என்று எண்களைப் பார்த்தான். எல்லாம் சரி. திரையில் அந்த இடம் வெறும் நேர்கோடு. காதில் மட்டும் கர்ர்ர்... யாரோ வாய் நிறைய மண்ணோடு பேசப் பார்க்கிற மாதிரி.

லைன் சுவர் மெல்லிசு. பக்கத்துக் காம்பரா கிருஷ்ணகுமாரி கத்தினாள்.

"டேய் சதீஸ்! சாவு விழாத வீட்டுல ஒப்பாரி போடுவாங்களா? உள்ள ஒருத்தி வாயும் வயிறுமா இருக்கா, அறிவிருக்காடா?"

"டெஸ்டிங்தான்க்கா."

"ஒன் டெஸ்டிங்ல இடி விழ."

உள்ளே இருந்தவள் அவன் மனைவி சுஜீதா. எட்டு மாதம். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவன் அறிவு அவ்வளவுதான்.

பெண் குழந்தை. முப்பதாம் நாள் பகல் பன்னிரண்டுக்குக் காதில் மூன்று தடவை பேர் சொன்னார்கள். தர்ஷிகா. பிள்ளையைத் தொட்டிலில் போட்டதும் சதீஸ் கம்ப்யூட்டரிடம் போய்விட்டான்.

கரகரப்பு இல்லை. சுத்தம். சரியாகிவிட்டது என்று சந்தோஷத்தில் சத்தத்தைக் கூட்டினான். வெட்டிய இடம் வந்தது. இருளாயியின் குரல் அழுதது.

"தர்ஷிகா..."

தொட்டிலில் பிள்ளைக்கு வலிப்பு. உதடு நீலம். காம்பரா முழுக்க ஈர மண் வாசம்.

மூன்று லைன் தாண்டி ஓடிப்போய் இருளாயியின் காலில் விழுந்தான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எம் மக பேர வெட்டுனியே, எங்கடா போட்ட?"

"அழிச்சிட்டேன் அத்தை. இன்னொருக்கா சொல்லி அழுவுங்க, பதிஞ்சு அந்த எடத்துல போட்டுடுறேன்."

"எம் மக என்ன ரெண்டு தடவையா செத்தா?" முறத்தைத் தட்டினாள். "குடுத்த பேர எடுத்துடு. பேரில்லாம வளத்துக்க. போ."

ஓடி வந்து பிள்ளையின் காதில் மூன்று தடவை சொன்னான். "ஒனக்குப் பேரில்ல." வலிப்பு நின்றது. ஹெட்போனில் கர்ர்ர்...

பிறப்புப் பதிகிறவர் சிங்களத்தில் பேர் கேட்டார். சதீஸ் தலையைக் குனிந்துகொண்டான். கட்டம் காலி. வீட்டிலும் யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பாப்பா என்றுகூட இல்லை, அதுவும் ஒட்டிக்கொண்டால்? கை தட்டுவார்கள். நாய்க்குக்கூட நாம் பேர் வைக்கிறோம். அந்தப் பிள்ளை கை தட்டினால் ஓடி வரும்.

சதீஸ் தினமும் பகல் பன்னிரண்டுக்கு ஹெட்போன் மாட்டுவான். கரகரத்தால் பிள்ளை உயிரோடு இருக்கும். ஆறு வருடம், ஒரு நாள் தவறாமல்.

2009. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒரு மாதம் டீச்சர் பொறுத்துப் பார்த்தார். நல்ல மனுஷி. பெற்ற பிள்ளைக்குப் பேர் வைக்காத தகப்பன்மேல் அவருக்கு ஆத்திரம். ஒரு வியாழக்கிழமை காலை, பிள்ளைகளின் பேர் கூப்பிடுகிற இடாப்பில் காலியாகக் கிடந்த கட்டத்தில் தனக்குப் பிடித்த ஒரு பேரை எழுதினார்.

"இனிமே இதான் ஒன் பேரு. கூப்பிட்டா என்னா சொல்லணும்?"

"இருக்கேன் டீச்சர்!"

இடைவேளை முழுக்க அந்தப் பிள்ளை ஒவ்வொருத்தரிடமும் ஓடி ஓடித் தன் பேரைச் சொன்னதாம். தண்ணிக் குழாயிடம்கூட.

பகல் பன்னிரண்டு. சதீஸ் ஹெட்போனை மாட்டினான்.

கரகரப்பு இல்லை.

இருளாயி ஒரு பேரைச் சொல்லி அழுதாள். மூன்றெழுத்து. அவன் கேட்டதே இல்லாத பேர். திரும்ப ஓட்டினான். அதே பேர். யோசித்துப் பார்த்தான்... அவன் வீட்டில் அந்தப் பேரில் யாரும் இல்லை. லைனிலேயே இல்லை.

அப்பாடா. வேறு யார் வீட்டுப் பிள்ளையோ.

சிரித்தானாம். ஆறு வருடத்தில் முதல் தடவை. சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தான்.

பள்ளிக்கூடம் ஒன்றரைக்குத்தான் விடும். ஆனால் கீழே ரோட்டில் பிள்ளைகள் அப்போதே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் டீச்சர், செருப்பில்லாமல்... இரண்டு கையிலும் ஒரு பிள்ளையை ஏந்திக்கொண்டு, தூங்குகிறதை எழுப்பப் பார்க்கிற மாதிரி, அந்த மூன்றெழுத்தைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு.