இருமும் இன்ஜின்

டீசல் தட்டுப்பாட்டு நாட்களில் கஞ்சிக்கோடு பெட்ரோல் பங்கில், பாசன இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பெர்மிட்டைப் பார்த்து ஆளுக்கொரு கேன் கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்கே வரிசை சாலைவரை வந்துவிட்டது. நான் பக்கத்து மண்ணெண்ணெய் வரிசையில் ஒன்பதாவது ஆள். டீசல் வரிசையில் எனக்கு நேராக இரண்டு விவசாயிகள், அடுத்தடுத்த வயல்காரர்கள், நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க மாமா, உங்க இன்ஜின் சத்தம் கேட்டு ரெண்டு மாசமாச்சுங்களே?" என்றார் இளையவர்.

"உனக்குக் காது மந்தம், மாப்பள."

"ஊருல எந்த இன்ஜினையும் சத்தத்தை வெச்சே சொல்லீருவனுங்க. உங்களுது இருமி இருமித்தான் ஓடும்."

"ராத்திரியில ஓட்டறேன்."

"ராத்திரியெல்லாம் நான் வயக்காட்டுலதானுங்க கெடக்கறேன். இன்ஜின் ஓடலை, உங்க நெல்லு மட்டும் பச்சையா நிக்குது. கெணத்து மோட்டாருக்குக் கரண்டு வந்திருச்சுங்களா? அப்பறம் இந்த டீசல் வாளையார் செக்போஸ்ட்டுல நிக்கற எந்த லாரிக்குங்க போகுது?"

பெரியவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன்ற நெல்லு எப்படி இருக்குது?"

"கதிர் வர்ற நேரமுங்க. ஒரு கேன் பத்தாது. காஞ்சு போயிருமுங்க."

"என்ற கேனையும் நீயே கொண்டு போ."

வரிசை நகர்ந்தது. பெர்மிட் பார்ப்பவர் பெரியவரிடம், இன்ஜின் இப்போதும் ஓடுகிறதா என்று கேட்டார். இளையவர் முந்திக்கொண்டார்.

"ஓடுதுங்க சார். அது இருமற இருமல்ல எங்க ஊட்டுல யாருமே தூங்கறதில்லைங்க."