தோர்ன்லியின் நான்கு வரிகள்

நீங்கள் தந்த பேனா நல்ல பேனாதான். ஆனால் எங்கள் அருங்காட்சியகக் களஞ்சியத்துக்குள் பேனா கொண்டுவர யாரையும் விடமாட்டேன். மை சிந்தினால் கல்லுக்கும் கேடு, கடதாசிக்கும் கேடு. முப்பத்தொரு வருடம் பென்சில் பிடித்த கை இது. பேனாவில் எழுத்துக் கோணினால் உங்கள் மொழிபெயர்ப்பாளர் பொறுத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் வலன்ரைன். மன்னாரிலிருந்து அகதியாக மொன்றியலுக்கு வந்து, அந்த அருங்காட்சியகத்தில் தரை துடைக்கச் சேர்ந்தேன். எட்மண்ட் தோர்ன்லி என்ற புவியியலாளர் நூற்று எழுபது வருடங்களுக்கு முன் சேர்த்த கற்கள் கீழ்த்தளத்தில் கிடந்தன. அவருடைய கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பெரிய படிப்புப் படித்தவர்களே வாசிக்க முடியாமல் விழித்தார்கள். துடைப்பத்தைச் சாத்திவிட்டு நான் வாசித்துக் காட்டினேன். கொஞ்சக் காலத்தில் களஞ்சியம் என் கைக்கு வந்தது.

தோர்ன்லியும் என்னைப் போலத்தான். பட்டமில்லை, தெரிந்தவரில்லை. 1852இல் கப்பலிலிருந்து இறங்கி, இந்த மொன்றியல் தீவின் சுண்ணாம்புக்கல் குழிகளில் சுத்தியலோடு திரிந்தார். அடுத்த வருடமே கல்லாகிப்போன கடல் அல்லி ஒன்றைக் கண்டெடுத்தார். பெயர்தான் அல்லி, காம்பும் இதழும் உள்ளதுபோலத் தோன்றும் கடற்பிராணி அது. லண்டனில் அறிஞர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பதவியும் மரியாதையும் அந்த ஒரு கல்லால் வந்தன. அவருடைய வாழ்க்கை வரலாற்றை நான் இருபது வருடமாக எழுதினேன். "செத்த வெள்ளைக்காரனோட குடும்பம் நடத்துற மனுசன்" என்று என் மனைவி யோசெப்பின் கோயிலில் எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பாள். புத்தகம் இந்த வைகாசியில் வருவதாக இருந்தது.

தோர்ன்லி ஒவ்வொரு கல்லுக்கும் நான்கு வரியில் சீட்டு எழுதி ஒட்டுவார். என்ன, எங்கே, எப்போது, எடுத்தவர் யார். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது.

றொஷினியை வேலைக்குச் சேர்த்தது நான்தான். பக்கத்து ஊரான லவாலிலிருந்து எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வரும் கிறகரியின் மகள். "உங்கட பொறுப்பிலை விடுறன், அண்ணை" என்றார் கிறகரி. கெட்டிக்காரப் பிள்ளை. சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடல் அல்லியின் சீட்டு ஓரத்தில் கிளம்பியிருப்பதைக் கண்டு ஈரப்பஞ்சால் தொட்டு உயர்த்தினாள். அடியில் இன்னொரு சீட்டு இருந்தது.

"அங்கிள், இஞ்ச பாருங்கோ. 1849. ஒனெசிம் எண்டு ஒரு கல்லுடைக்கிற ஆளின்ர பேர். தோர்ன்லி அப்ப கனடாவுக்கே வரேல்லை."

"ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை, முதல் உங்களுக்குத்தான். உங்கட புத்தகத்திலை நீங்களே போடுங்கோ. உங்களுக்குத்தானே பெருமை."

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. இருபது வருடம் ஒரு திருடனுக்குக் குடை பிடித்தவன் என்று ஊர் சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. "பேந்து கதைப்பம், இப்ப வேண்டாம்" என்றேன்.

"பாவம் அங்கிள், அந்த மனுசன்ர பேரை இனியும் மறைச்சு வைக்கேலாது. மற்றக் கல்லுகளின்ர சீட்டையும் பாத்திட்டு வாறன்."

"சரி, பார்" என்றேன்.

"மெர்சி, அங்கிள்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் அலுமாரிகள் தண்டவாளத்தில் நகர்பவை. ஒவ்வொன்றிலும் யானைக் கனத்துக்குக் கல். ஆனாலும் பக்கத்திலுள்ள சக்கரத்தைச் சுற்றினால் குழந்தையும் நகர்த்தலாம். இரண்டு அலுமாரிகளுக்கு நடுவே நுழைகிறவர் தன் அடையாள அட்டையைச் சக்கரத்தில் தொங்கவிட வேண்டும். அட்டை தொங்கும் சக்கரத்தை ஒருவரும் தொடக்கூடாது. அந்த விதியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

அவள் அட்டையைத் தொங்கவிட மறந்துவிட்டாள் என்று விபத்து அறிக்கையில் எழுதினார்கள். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். செத்தவீட்டில் கிறகரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்திலயும் கவனமான பிள்ளை, அண்ணை. இதிலை மட்டும் எப்பிடி மறந்தவள்?" என்று அழுதார். அந்தப் பிள்ளையைக் கவனமில்லாதவள் என்று நாலு பேர் நினைப்பது எனக்கு உண்மையாகவே வலித்தது.

அவள் மறக்கவில்லை. அட்டை சக்கரத்தில் தொங்கியது. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சுற்றத் தொடங்கினேன். பதினொரு சுற்று. ஐந்தாவது சுற்றில், "அங்கிள், நான் உள்ளுக்கை நிக்கிறன்" என்றாள். பெரிய சத்தமாகக்கூட இல்லை. நான் மறந்துபோய்ச் சுற்றுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

கல்லுடைத்தவனின் சீட்டையும் அவளுடைய அட்டையையும் ஏன் எரிக்கவில்லை என்று விசாரணையில் மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். களஞ்சியத்தில் வேலை செய்தவர் அப்படிக் கேட்கமாட்டார். அங்கே ஒரு துண்டுக் கடதாசியையும் எறியக்கூடாது. இரண்டையும் தனித்தனி உறையிலிட்டு, எண் கொடுத்து, கடல் அல்லியின் இழுப்பறையிலேயே வைத்தேன். அட்டையோடு நீங்கள் எடுத்த சீட்டு என் கையெழுத்துத்தான். அதையும் தமிழில் தருகிறேன்.

ஊழியர் அடையாள அட்டை, றொஷினி கிறகரி.
பதினான்காம் அலுமாரி, சக்கரம்.
சித்திரை 18, காலை 10.20.
எடுத்தவர்: வலன்ரைன்.

என்னைப் பற்றி நீங்கள் என்னவும் எழுதுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: முப்பத்தொரு வருடத்தில், என் பொறுப்பில் விட்ட ஒன்றையும் நான் தொலைத்ததில்லை.