டோக்கன் இல்லாத மூச்சு

டீ நல்லா இருக்கு சார். சர்க்கரைதான் ஒரு கரண்டி கம்மி. பரவாயில்லை, எழுதிக்கோங்க, சொல்றேன்.

இருபத்திரண்டு வருஷமா அந்தக் குகைக்கு நான்தான் காவல். உள்ளே தண்ணி சொட்டுச் சொட்டா விழுந்து வளர்ந்த கல்தூண்கள் இருக்கு. பத்தாயிரம் வருஷத்து மழைக் கணக்கு அதுல பதிஞ்சிருக்காம். நம்ம மூச்சுக்காத்து பட்டாலே கல்லு கெட்டுப்போகும். அதனால உள்ளே போறவங்க வாசல் பலகையில டோக்கன் மாட்டணும், வெளியே வந்ததும் கழட்டணும். சாயங்காலம் பலகை காலின்னா ரெண்டு இரும்புக் கதவையும் பூட்டிடுவேன்.

ஆராய்ச்சிக்கு வந்த டாக்டரம்மா தங்கமான பொண்ணு. அண்ணா அண்ணான்னு உயிரை விடுவாங்க. என் குறட்டையை அவங்க கிண்டல் பண்ணுவாங்க, அவங்க கோழிக்கிறுக்கல் எழுத்தை நான் கிண்டல் பண்ணுவேன்.

உள்ளே மூச்சுக்காத்து எவ்வளவு சேருதுன்னு அளக்க என் அறையில ஒரு மீட்டர் வச்சிருந்தாங்க. போன மாசம் அதைக் காட்டி, "அண்ணா, தினமும் காலைல ஆறு மணிக்கு யாரோ டோக்கன் மாட்டாம உள்ளே போறாங்க. பாருங்க, மூச்சு ஏறுது"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கலை. "அட, நான்தாம்மா. பெரிய தூணைத் தொட்டு, நல்லா இருக்கியாப்பான்னு கேட்டுட்டு வருவேன்."

அவங்க சிரிக்கலை. நான் கை வைக்கிற இடம் கறுத்துப்போச்சாம். மூணு வருஷம் குகையை மூடணும், ஒரு ஆள்கூட உள்ளே போகக்கூடாதுன்னு அறிக்கை எழுதிட்டாங்க. "நீங்களும்தான் அண்ணா, மன்னிச்சுக்கோங்க"ன்னாங்க. மனசு விட்டுப்போச்சு சார். என்னையும் ஆள் கணக்குல சேர்த்துட்டாங்களே.

கடைசியா கல்லுல ஒரு ரீடிங் எடுத்துட்டு அறிக்கையை அனுப்பிடறேன்னு, ஏழாம் நம்பர் டோக்கனை மாட்டிட்டு உள்ளே போனாங்க. நான் அதைக் கழட்டித் துடைச்சுப் பெட்டியில வச்சேன். பலகை காலி. வழக்கம்போலப் பூட்டினேன். கதவு நல்ல கனம், தட்டினாலும் வெளியே கேட்காது.

தேட வந்தவங்க பலகையைப் பார்த்துட்டுக் காட்டுப்பக்கம் போயிட்டாங்க. பாவம், அலைஞ்சு திரிஞ்சு வந்தவங்களுக்கு நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். மீட்டர் மூணு நாள் ஏறிச்சு, நாலாம் நாள் மெல்ல இறங்கிச்சு. அந்த நாலு நாளும் நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கலை. ரெண்டு பேர் மூச்சைக் கல்லு தாங்காது, இல்லையா.

அஞ்சாம் நாள் ஆறு மணிக்குப் போனேன். டாக்டரம்மா பெரிய தூண் பக்கத்துல, அதுமேல படாம ஒதுங்கி உட்கார்ந்திருந்தாங்க. கடைசிவரைக்கும் ஒழுங்கான பொண்ணு. அன்னைக்குத்தான் உங்க ஆளுங்களுக்கு மீட்டரைப் பார்க்கத் தோணிச்சு, அது ஏறினதைப் பார்த்துத்தானே என்னைப் பிடிச்சாங்க.

சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் சார். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மட்டும் கொடுங்க, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். நான் ஒருத்தன் போறதால கல்லுக்கு ஒண்ணும் ஆகிடாது.