லீவு நாள்லயும் ஓடணும்

ஐயோ, அதுக்குள்ள பையத் தூக்கிட்டீங்களா! இன்னும் ஒண்ணு இருக்குண்ணா. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், குண்டூசி இருக்கும். எம் பொண்ணு எதுல குத்தி வைப்பான்னு அவளுக்கே தெரியாது.

நீங்க போட்டுக் குடுத்த நம்ம தையக்கடை வெப்சைட்ட நான் குத்தமே சொல்லல. காலையானா, உங்க துணி ரெடி, வந்து வாங்கிக்கோங்கன்னு அதுவே எல்லாருக்கும் மெசேஜ் தட்டி விட்டுருது. நான் மிஷின்ல உக்காந்தா தல நிமிர முடியாது, அதான் எனக்கு ஒரு கையாளு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத கையாளு!

அதே மாதிரி இன்னொரு வேலையும் அதுக்குக் குடுத்திருக்கேன். ஆமா, நானேதான். நீங்க செஞ்சதப் பாத்துப் பாத்து. சிரிக்காதீங்க. காலைல எனக்கு ஒரு மெசேஜ் வரும், அதுல இருக்கிற பட்டன நான் அமுக்கணும். அமுக்கலன்னா மத்தியானம் எங்க அக்காவுக்கு ஒண்ணு போயிரும். அவ்ளோதான்.

சோதிச்சுப் பாக்காம இருப்பேனா? கடை இருக்கிற நாள்ல வேணும்னே அமுக்காம விட்டேன். டாண்ணு போயிருச்சு. அக்கா அலறியடிச்சுக்கிட்டு இங்கயே ஓடி வந்துட்டா. சும்மா பாத்தேங்க்கான்னு சொன்னதுக்கு வாங்கின திட்டு இருக்கே, அப்பப்பா.

ஆனா போன லீவு நாள்ல எனக்கும் வரல, அவளுக்கும் போகல. மறுநாள் கடையத் தெறந்தப்புறம் ரெண்டும் சேந்தாப்புல வருது.

என்னது? யாராவது சைட்டுக்குள்ள வந்தாத்தான் அது முழிச்சு மணியே பாக்குமா? நல்லா இருக்கே கத! லீவு அன்னிக்கு எந்த மகராசி சட்ட தைக்கணும்னு வந்து பாப்பா? யாரும் எட்டிப் பாக்காத நாளுக்குத்தானண்ணா நான் அதப் போட்டதே.

ஓ... யாரும் வரலன்னாலும் சர்வரே எழுப்பி விடுற மாதிரி வைக்கலாமா? வைங்க. இப்பவே வைங்கண்ணா. நாளைக்குன்னு சொல்லாதீங்க, நாளைக்கு லீவு.

அதுலென்ன அவசரமா? லீவுன்னா அவரு வீட்ல இருப்பாருல்ல.

கையவா பாக்குறீங்க? அது அயன் பாக்ஸ் பட்டது. தைக்கிறவளுக்கு இதெல்லாம்... இல்லண்ணா. நானா சுட்டுக்கல.

போலீசுக்கும் போவேன். அக்கா வேற ஊர்ல வீடு பாத்துக்கிட்டிருக்கா, கெடச்சதும் பாப்பாவத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவேன். அதுவரைக்கும் இது நிக்காம ஓடணும்.

ஐயய்யோ, அந்த எழுத்த மாத்திராதீங்க, அதான் அக்காவுக்குப் போறது. படிச்சிட்டீங்களா... பரவால்ல. ஆமா, பாப்பா கட்டிலுக்கு அடியிலதான் இருப்பா. பேரச் சொல்லிக் கூப்பிட்டா வெளிய வரமாட்டா. அக்கா தரையில படுத்து, மொகத்தக் காட்டணும்.