வியட்நாமில் ஒரு செமஸ்டர்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு தந்தையும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"படிக்கறதுக்கு வியட்நாமுல எதுக்குடி ஆறு மாசம் குந்தணும்? அங்க எவன்டி இருக்கான்?"

"எவனும் இல்ல நைனா. இது தென்கிழக்கு ஆசியாவைப் பத்தின எம்.ஏ. அங்கியே இருந்து அவங்க பாஷையைக் கத்துக்கினாதான் டிகிரி தருவாங்க."

"கதை உடாத. இரும்பு மில்லுல பீகார் பசங்களோட சேர்ந்து நானுந்தான் இந்தி கத்துக்கினேன். இன்னா டிகிரி குடுத்தாங்க?"

"கூடவே இருந்ததாலதான கத்துக்கினே? அதையேதான் என்னையும் செய்யச் சொல்றாங்க."

அவர் அவளைச் சந்தேகத்தோடு உற்றுப் பார்த்தார். "படிச்சவங்க யாராச்சும் என்னாண்ட வந்து இது நெசம்னு சொல்லட்டும், அனுப்பறேன்."

அந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அடுத்தவர் வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று பேசாமல் பொன்னேரியில் இறங்கிவிட்டேன்.