பெரிய வியாழனுக்கு ஒரு பெஞ்சு

— ஏங்க, கோயிலுக்குக் குடுக்கப்போற பெஞ்சுங்க இது. தூணக் கண்ட நாயி மாதிரி ஒரு காலத் தூக்கிக்கிட்டு நிக்கிது!

— பெஞ்சு நேராத்தான் இருக்குடி செல்வி. நம்ம வீட்டுத் தரைதான் கோணல். முந்தாநாளு ஒரு எலுமிச்சம்பழம் கைதவறி விழுந்துச்சு. உருண்டு உருண்டு திருவரங்குளத்துல போயி நின்னுச்சு. அங்கேருந்து ஒருத்தன் போன் பண்ணி, ‘ஒங்க பழம் பத்திரமா வந்துருச்சு’ன்னான்.

— அது போன வழியில நீங்களும் போங்க. அதுக்கு முன்னாடி ரம்பத்த எடுத்து நாலு காலையும் இன்னும் நாலு வெரல் கொறைங்க. நான் உக்காந்து பாத்தேன், காலு தொங்குது.

— ஒன் காலு எதுக்குத் தரையில படணும்? பெரிய வியாழனன்னைக்குப் பங்குச் சாமி பாதம் கழுவப்போறது பன்னெண்டு அப்போஸ்தலருக்கு. அப்போஸ்தலரா உக்கார்ற பன்னெண்டு பேரும் நம்ம ஊரு ஆளுங்க, நெடுநெடுன்னு இருப்பாங்க.

— ஏன், பன்னெண்டுல ஒருத்தரு குட்டையா இருந்திருக்க மாட்டாராக்கும்?

— யூதாசு குட்டைன்னு கேள்வி.

— சரி, யூதாசுக்குன்னே நெனச்சு அறுங்க.

— அறுக்குறேன், அறுக்குறேன். இரு, போன் அடிக்கிது... ஆங், சொல்லு ஃபிரெடி. மரம் இழைக்க இழைப்புளி வேணுமா? எங்க வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன். இல்லப்பா, எங்க வீட்ல இப்பக் கொஞ்சம் கோவமா இருக்காங்க. வச்சிர்றேன்.

— எடுத்ததுக்கெல்லாம் என்னைய ஏன் இழுக்குறீங்க? அந்த மனுசன் உக்காந்து முறிச்ச பெஞ்சாலதான இம்புட்டுப் பாடும்.

— அவன் மேல தப்பில்ல. அவன் ஒரு எடத்துல உக்காந்தான், அவன் வயிறு பக்கத்துல தனியா ஒரு எடம் புடிச்சுக்கிச்சு. போன வருசம் மொத்தம் பதிமூணு அப்போஸ்தலரு.

— வாயி பேசுற நேரத்துக்குக் கை பேசுனா பெஞ்சு முடிஞ்சிருக்கும். இந்தா, இந்த ஓரத்துல சிராய் நிக்கிது பாருங்க. உப்புத்தாள் போட்டுத் தேயிங்க, சேலையில மாட்டுனா இழுத்துரும்.

— சேலையா? அப்போஸ்தலரு ராயப்பரு எந்தக் கடையில சேல எடுத்தாரு?

— தேய்க்கச் சொன்னாத் தேயிங்க.

— தேய்க்கிறேன். ஆனா ஒண்ணு செல்வி, இந்த வருசம் இந்தக் காலு நனையாம நான் கோயில விட்டு வரமாட்டேன். ஒவ்வொரு பெரிய வியாழனும் நகம் வெட்டி, எண்ணெ தேச்சு, வெளக்கி வச்ச குத்துவெளக்கு மாதிரி ரெண்டு காலையும் கொண்டுபோயி கடைசியில நிக்கிறேன். ஒரு பய கூப்புடல.

— கடைசியாக் கூப்புட்டப்ப என்ன பண்ணுனீங்க? பழைய சாமி பாவம், கால்ல தண்ணி ஊத்துனாரு. கூச்சம் தாங்காம குண்டாவ எட்டி ஒதைச்சீங்க. அவரு அங்கியெல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு.

— யாரு ஒதைச்சா? கண்மாய்த் தண்ணிய அப்புடியே மொண்டாந்துட்டாங்க. குண்டாவுக்குள்ள ஒரு கெளுத்தி. கட்டவெரலக் கவ்விருச்சு. நான் லேசா ஒதறுனேன், அவ்வளவுதான். மீனு பறந்துபோயி ஆர்மோனியத்துல விழுந்து ரெண்டு கட்டைய அமுக்குச்சு. சுதி சுத்தமா இருந்துச்சு.

— கோயிலே சிரிச்சுச்சு. நான் முக்காட்டுக்குள்ள மொகத்த மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— அத விடு. இப்ப வந்திருக்கறது புதுச் சாமி. கெளுத்தி கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. அவரா வந்து சொன்னாரு, ‘சந்தனராஜ், பெஞ்சு நீங்க செஞ்சு குடுங்க, பெரிய வியாழனுக்கு அதுல ஒங்க வீட்ல உக்காரட்டும்’னு.

— அப்புடியேவா சொன்னாரு?

— அட்சரம் பெசகல. ‘ஒங்க வீட்ல.’ அப்புடின்னா வீட்டுக்கு ஒரு ஆளு. நம்ம வீட்ல ஆம்பளன்னு இருக்கறது நாந்தான? அதுக்குத்தான் உள்ளங்காலு கூசாம இருக்கட்டும்னு தெனமும் செங்கல்லுல தேய்க்கிறேன். இப்ப எறும்பு ஏறுனாக்கூடத் தெரியல.

— செங்கல்ல அங்கிட்டுப் போடுங்க. அந்த ஓரத்த இன்னொருக்காத் தேயிங்க. பட்டுச்சேல, ஒரு இழை போனா மானம் போயிரும்.

— மறுபடியும் சேல! எந்த அப்போஸ்தலருடி சேல கட்டிக்கிட்டு இதுல உக்காரப் போறாரு?

— பொம்பளைங்களுக்கும் கழுவலாம்னு ரோமாபுரியில போப்பாண்டவரே சொல்லி வருசக்கணக்காச்சாம், சாமி எங்கிட்டயும் சொல்லிட்டாரு; பெஞ்சு முடியட்டும்னுதான் நான் வாயத் தெறக்கல. ஊரெல்லாம் ‘எங்க வீட்ல, எங்க வீட்ல’ன்னு யாரச் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க? அந்த ‘வீட்ல’தான் உக்காரப் போகுது. ஒங்களுக்கும் வேல இருக்கு: குண்டாவுல தண்ணி கொண்டாரது நீங்கதான், மீனு கெடக்கான்னு நல்லாப் பாத்துக் கொண்டாங்க.