நிலுவும் நிலுவையும்

பேருந்துச் சீட்டின் பின்புறம் என் குறிப்பு: "திங்கட்கிழமை காலை, சித்தூரிலிருந்து திருப்பதிக்கு. தெலுங்கு நாளிதழில் சுடோகு வரத் தொடங்கிய புதிது. முன் இருக்கையில் ஒரு பெண் சொன்னது: 'ஒரே தெருவுல ரெண்டு ஏழு குடியிருக்கக்கூடாது அண்ணி.'"

பேச்சிலிருந்து புரிந்தது இதுதான்: அண்ணி வேலூர்ப் பக்கம் தமிழில் படித்தவர். அன்று ஒரு புதுக் கம்பெனியில் அவருக்குத் தேர்வு. அதில் இப்படிக் கட்டமும் வருமாம். தெலுங்கில் படித்த நாத்தனார் நாளிதழை வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"நல்லா சொல்லும்மா. இந்த வேல கெடச்சாத்தான் உங்க அண்ணன் துபாய்க்குப் போவமாட்டாரு. பாஸ்போர்ட்ட கைல வெச்சிக்கினு சுத்தறாரு."

"நெறைய நம்பர் இருக்கற வரிசைய மொதல்ல புடி அண்ணி. எது இல்லன்னு பாரு. அப்பறம் நிலுவுல பாரு."

"பாத்தேன். நிலுவைல ரெண்டும் ஏழும். இங்க ஏழு போட்டுட்டேன்."

"ஐயய்ய, அதுக்கு நேர் கீழயே ஒரு ஏழு குந்திக்கினு இருக்குதே!"

"நீதானே நிலுவைல பாருன்னே?"

"நிலுவை இல்ல, நிலுவு! தெலுங்குல மேலருந்து கீழ."

"எங்க ஊர்ல நிலுவைன்னா பாக்கி."

இருவரும் சிரித்தார்கள். அண்ணி அழித்துவிட்டு அங்கே இரண்டைப் போட்டார். பேருந்து சந்திரகிரியைத் தாண்டியது.

"பரீட்சைல கட்டமே வரலன்னா அண்ணி?"

"வேற எதாச்சும் கேப்பாங்க. அதுல நிலுவுன்னு வந்தா இனிமே ஏமாறமாட்டேன்."

திருப்பதியில் இறங்கிப் போனார்கள். அவர் கணவர் துபாய் போனாரா, ஊரிலேயே இருந்துவிட்டாரா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.